வெள்ளை கரைந்த பக்கங்கள்: கணினியில் காமிக்ஸ் கோடு போடப் பழகிய அனுபவம்

2015ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் கடலூரை மூழ்கடித்த மழையில், கெடிலம் ஆற்றுக்கு அருகிலிருந்த எங்கள் வாடகை வீட்டுக்குள்ளும் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் வந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியில், பதினோரு ஆண்டுகளாக நான் வரைந்து சேர்த்த காமிக்ஸ் பக்கங்களின் மூலப் பிரதிகள் இருந்தன. தண்ணீர் வடிந்து பெட்டியைத் திறந்தபோது தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. அவற்றைப் பொறுமையாகப் பிரித்து, மழை விட்ட நாளில் மொட்டை மாடிக் கொடியில் கிளிப் மாட்டிக் காயப்போட்டேன்.

இந்தியன் இங்க் அரக்குச் சேர்த்துச் செய்யப்படுவது. ஒருமுறை காய்ந்துவிட்டால் தண்ணீருக்கு அசையாது. ஆகவே கோடுகள் எல்லாம் அப்படியே இருந்தன. ஆனால் பிழைகளை மறைப்பதற்காக நான் பூசியிருந்த வெள்ளை போஸ்டர் கலர் பிசினில் குழைத்தது. அது முழுவதும் கரைந்து ஓடிவிட்டது. இதனால் வெள்ளைக்கு அடியில் நான் புதைத்து வைத்திருந்த தவறான கோடுகள் பக்கத்துக்குப் பக்கம் வெளியே வந்து நின்றன. சரியான மூக்குக்குப் பக்கத்தில் தவறான மூக்கும், படகின் ஓரத்துக்கு மேலே அது முதலில் வழுக்கிப் போன ஓரமும் தெரிந்தன. பென்சில் படத்தின்மேல் மைக்கோடு போடும் இங்க்கிங் வேலையைக் கணினியில் பழகிய கதையை இந்தப் பக்கங்களிலிருந்துதான் தொடங்க வேண்டும். நான் கற்ற பாடங்களில் பாதிக்கு மேல் இவற்றிலிருந்து கிடைத்தவை.

அன்றைக்கு எனக்கு அழுகைதான் வந்தது. காகிதத்தை இனி நம்ப முடியாது என்ற எண்ணமே என்னைக் கணினிப் பக்கம் தள்ளியது. நான் திருப்பாதிரிப்புலியூரில் ஓர் அச்சகத்தில் வடிவமைப்பு வேலை பார்ப்பவன். பகல் முழுவதும் கணினியில்தான் இருப்பேன் என்பதால் இது எளிதாக வந்துவிடும் என்று நினைத்தேன். 2016இல் 6 அங்குல அகலமும் 4 அங்குல உயரமும் கொண்ட, திரையில்லாத பேனா டேப்லெட் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். அதன்மேல் பேனாவை நகர்த்தினால் கணினித் திரையில் கோடு விழும். மென்பொருளுக்குச் செலவழிக்கப் பணம் இல்லாததால் இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டாவை நிறுவிக்கொண்டேன். அது நல்ல முடிவு என்றே இன்றும் கருதுகிறேன். கோடு போடுவதற்குத் தேவையான எல்லாம் அதில் இருக்கின்றன.

கை ஓரிடத்தில், கண் வேறிடத்தில் என்ற நிலைக்குப் பழக ஆறு வாரம் ஆனது. அது எல்லோருக்கும் பழகிவிடும். அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாதது இரண்டு விஷயங்கள். ஒன்று, டேப்லெட்டின் நீள அகல விகிதம் திரையின் விகிதத்தோடு பொருந்தியிருக்க வேண்டும். பொருந்தவில்லையென்றால் கை வட்டம் போடும், திரையில் முட்டை விழும். டேப்லெட்டின் அமைப்புகளில் விகிதத்தைக் காக்கும் தெரிவு ஒன்று இருக்கும். முதல் நாளே அதைப் போட்டுவிட வேண்டும். மற்றொன்று பெருக்கம். என்னுடைய 22 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 19 அங்குலம். டேப்லெட்டின் அகலமோ 6 அங்குலம். கை 1 அங்குலம் நகர்ந்தால் திரையில் கோடு 3 அங்குலத்துக்கு மேல் ஓடுகிறது, கையின் நடுக்கமும் அதே அளவுக்குப் பெருகுகிறது. நான்கு ஆண்டுகள் கழித்து 10 அங்குல டேப்லெட்டுக்கு மாறியபோது என் கோடு ஒரே வாரத்தில் திருந்தியது. என் கை ஒன்றும் ஒரு வாரத்தில் திறமை பெற்றுவிடவில்லை. கருவி சிறியதாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான். சிறிய டேப்லெட்டை வைத்துக்கொண்டு தன் கையைப் பழிப்பவர்களுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆனால் அந்த முதல் ஆண்டில் என்னை உண்மையில் கெடுத்தது, கடைசியாகச் செய்ததை நீக்கும் அன்டூ. காகிதத்தில் தவறினால் மை காயும்வரை காத்திருந்து, வெள்ளை பூசி, அது காய்ந்த பிறகு மேலே மறுபடி வரைய வேண்டும். அந்தத் தண்டனைக்குப் பயந்தாவது கை நிதானமாக இருக்கும். கணினியில் இரண்டு விசைகளை அழுத்தினால் தவறு இருந்த இடமே தெரியாமல் போகிறது. ஒரு தாடைக் கோட்டை நாற்பது முறை போட்டு அழித்திருக்கிறேன். அப்படியும் சரியாக வராதபோது, நன்றாக வந்த பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியைத் திரையைப் பெரிதாக்கித் துண்டு துண்டாகப் போட்டு இணைப்பேன். முதல் எட்டுப் பக்கக் கதையை முடிக்க ஐந்து மாதம் ஆயிற்று. திரையில் பார்க்கும்போது ஒவ்வொரு கோடும் மாசற்று இருந்தது. அச்சகத்தில் அச்செடுத்து, ஞாயிற்றுக்கிழமை பேருந்து ஏறி, புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் என் பழைய ஓவிய ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மாஸ்டர் கணினியில் வரைந்தவர் அல்லர். வராந்தாவில் நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, எட்டுப் பக்கங்களையும் தரையில் வரிசையாகப் பரப்பச் சொன்னார். வெகுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், பென்சிலின் பின்பக்கத்தால் ஒரு மீனவரின் தோள்கோட்டைத் தொட்டு, “இந்தக் கோடு எங்கே ஆரம்பிக்குது தம்பி?” என்று கேட்டார். நான் கழுத்தைக் காட்டினேன். “எங்கே முடியுது?” முழங்கையைக் காட்டினேன். “நடுவுல எத்தனை இடத்துல நின்னுச்சு?” எனக்குப் பதில் வரவில்லை. “ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி இருக்கு. கிழிசல் தெரியல, ஆனா ஒட்டு தெரியுது” என்றார்.

அவர் சொன்னதன் பொருள் அச்சுப்படியை உற்றுப் பார்த்தால் புரிந்தது. ஒரே வீச்சில் போட்ட கோட்டில், மெல்லத் தொடங்கி நடுவில் தடித்து முடிவில் மெலியும் ஓர் ஓட்டம் இருக்கும். கையின் வேகம் கோட்டின் உடம்பில் பதிந்திருக்கும். என் கோடுகளில் தடிப்பும் மெலிவும் காரணமில்லாத இடங்களில் வந்து வந்து போயின, ஏனென்றால் ஒவ்வொரு துண்டும் தனித்தனியாகத் தொடங்கித் தனித்தனியாக முடிந்திருந்தது. திரையைப் பெரிதாக்கி வைத்திருந்தபோது இது கண்ணில் படவே இல்லை.

அன்று மாஸ்டர் கொடுத்த பயிற்சி ஒன்றுதான். அவரிடம் பழைய பிரெஞ்சு காமிக்ஸ் ஆல்பங்கள் சில இருந்தன. பெல்ஜிய ஓவியர் எர்ஷே வளர்த்தெடுத்த, தடிமன் மாறாத கோட்டு முறையை அவற்றில் காட்டினார். அந்த முறைக்குத் ‘தெளிந்த கோடு’ என்ற பெயரை 1977இல் டச்சு ஓவியர் யோஸ்ட் ஸ்வார்ட்டே வைத்தார். தடிப்பு, மெலிவு, கோட்டு நிழல் எதற்கும் அதில் இடமில்லை. அதனாலேயே கை எங்கே தயங்கினாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு மாதத்துக்கு, பேனாவை அழுத்துவதற்கு ஏற்பக் கோட்டைத் தடிக்கச் செய்யும் அழுத்த உணர்வை அணைத்துவிட்டு ஒரே தடிமனில் மட்டும் வரைந்து பார் என்றார். புதிதாகப் பழகும் எவருக்கும் இதையே நானும் சொல்வேன். பேனாவின் அழுத்தம் தரும் அழகு, கோட்டின் தள்ளாட்டத்தை மறைத்துவிடும் ஆற்றல் உள்ளது. முதலில் அதை எடுத்துவிட்டால்தான் கை எப்படிப் போகிறது என்று தெரியும்.

வீடு திரும்பியபின் நானாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். எத்தனை படிகள் பின்னோக்கிப் போகலாம் என்பதைக் கிரிட்டாவின் அமைப்புகளில் நாமே குறிக்க முடியும். அதை 3 என்று வைத்தேன். அதற்கும் மேலாக, தவறிய கோட்டை அழிக்காமல், கண்ணாடித் தாள்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் லேயர்களில் வேறொன்றுக்கு மாற்றி, சிவப்பாக்கி, மறைத்து வைக்கத் தொடங்கினேன். ஒரு பக்கம் முடிந்ததும் சிவப்பு லேயர்களை எல்லாம் திறந்து பார்ப்பேன். மூன்றாவது பக்கத்தை அப்படித் திறந்த இரவில், பரணில் கட்டி வைத்திருந்த வெள்ளத்துப் பக்கங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சிவப்புகள் குவிந்திருந்த இடங்களும், வெள்ளை கரைந்து தவறுகள் வெளிப்பட்டிருந்த இடங்களும் ஒன்றாகவே இருந்தன. நீண்ட வளைவின் கடைசிக் கால்பகுதி, பானை வாய் போன்ற நீள்வட்டங்கள், வலப்பக்கம் பார்க்கும் முகங்கள், விரல்களின் இடுக்கு ஆகிய நான்குதான். பதினோரு ஆண்டுகள் வெள்ளை பூசியும், ஓராண்டு அன்டூ செய்தும், என் பிழை எங்கே இருக்கிறது என்பதை நான் அறியாமலே இருந்திருக்கிறேன்.

இடம் தெரிந்த பிறகு மருந்து தேடுவது கடினமாக இல்லை. வளைவின் முடிவு தவறுவதற்குக் காரணம், மணிக்கட்டால் வரைவதுதான். மணிக்கட்டு ஒரு சிறிய வில்லுக்கு மேல் திரும்பாது. அது தீர்ந்துபோகும் இடத்தில் கோடு கோணிவிடும். நீண்ட கோடு தோளிலிருந்து வர வேண்டும். என் அம்மா மார்கழியில் சிக்குக் கோலம் இழுப்பதை அப்போதுதான் கவனித்துப் பார்த்தேன். மாவு விழும் இடத்தை அவர் பார்ப்பதில்லை. கண் எப்போதும் கோடு போய்ச் சேர வேண்டிய அடுத்த வளைவில் இருக்கிறது, மணிக்கட்டு அசைவதில்லை, முழுக் கையும் நகர்கிறது. நானும் கோடு முடியும் இடத்தில் கண்ணை வைத்து, பேனாவை டேப்லெட்டில் வைக்காமல் காற்றிலேயே ஓரிரு முறை ஓட்டிப் பார்த்து, பிறகு ஒரே வீச்சில் போடப் பழகினேன். தாளைத் திருப்பிக்கொள்வதுபோலக் கேன்வாஸையும் திருப்பிக்கொள்ளலாம். கிரிட்டாவில் 4, 6 விசைகள் அதற்கு, 5 அழுத்தினால் பழைய நிலைக்கு வரும். இடது கை அந்த விசைகளிலேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு கைக்கும் இயல்பாக வரும் திசை ஒன்று உண்டு. அந்தத் திசைக்குப் பக்கத்தைத் திருப்பிக்கொள்வதில் குறை எதுவும் இல்லை. வலப்பக்கம் பார்க்கும் முகத்துக்கு எம் விசை உதவியது. அதை அழுத்தினால் பக்கம் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பிக் காட்டும். கோணலான தாடையும் ஏறி இறங்கிய கண்களும் உடனே கண்ணில் படும்.

கோட்டின் நடுக்கத்தை மென்பொருளே சீராக்கும் ஸ்டெபிலைசர் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். பேனாவுக்குப் பின்னால் கோடு சற்றுத் தாமதித்து வந்து, சிறு அசைவுகளைக் கழித்துவிடுகிறது. படகின் ஓரம், மின்கம்பி, கயிறு போன்றவற்றுக்கு அதைப் பயன்படுத்துகிறேன். முகத்துக்கும் துணி மடிப்புக்கும் தலைமுடிக்கும் பயன்படுத்துவதில்லை. அதை அதிகமாக வைத்தால் எல்லா வளைவும் ஒரே மாதிரி வழவழப்பாகிவிடும். எழுபது வயது மீனவரின் கன்னமும் பிளாஸ்டிக் குடத்தின் வயிறும் ஒரே கோட்டில் வந்து நிற்கும். இது வெறும் ரசனை வேறுபாடு என்று நான் நினைக்கவில்லை. பொருளின் தன்மையைக் கோடு சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் இங்க்கிங் என்ற வேலையே இருக்கிறது.

அழுத்த உணர்வை மறுபடி இயக்கியபோது வேறொரு சிக்கல் வந்தது. நிப் பேனாவில் பழகிய கை அழுத்திப் பிடிக்கும். அதனால் மெல்லிய கோடே விழவில்லை. டேப்லெட்டின் பெட்டியில் 2048, 8192 என்று எத்தனை அழுத்தப் படிநிலைகளை அச்சிட்டிருந்தாலும், உங்கள் கை அவற்றில் எந்தப் பகுதியைத் தொடுகிறது என்பதுதான் முக்கியம். அமைப்புகளில் அழுத்தத்துக்கான வளைகோடு ஒன்று வரைபடமாக இருக்கும். அதன் நடுப்பகுதியைக் கீழே இறக்கினால், நன்றாக அழுத்தினால்தான் கோடு தடிக்கும். மேலே ஏற்றினால் லேசாகத் தொட்டாலே தடிக்கும். நான் கீழே இறக்கினேன். அதன்பின் கை வலியும் குறைந்தது. டேப்லெட்டின் வழுக்கல் பிடிக்காதவர்கள் அதன்மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிக்கொள்ளலாம். பேனா தாளின் வழியாகவும் வேலை செய்யும். பேனா முனை சீக்கிரம் தேயும், மாற்று முனைகளை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அந்தக் காகித உராய்வு இல்லாமல் முடியாது.

மென்பொருளில் வரையும் முனைகளான பிரஷ்களைப் பற்றிச் சில வாக்கியங்கள் போதும். ஒரு காலத்தில் இருநூறுக்கு மேல் இறக்கி வைத்திருந்தேன். இன்று ஜி-பேனா என்னும் நிப் பேனா போன்ற ஒன்று, சற்றுச் சொரசொரப்பான தூரிகை போன்ற ஒன்று, தடிமன் மாறாத ஒன்று ஆக மூன்றுதான். சவுக்கு இலைக்கென்று ஒரு முத்திரை பிரஷ் வைத்திருந்தேன், தேவனாம்பட்டினம் கடற்கரையை வரையும்போது அதே கொத்து அதே கோணத்தில் திரும்பத் திரும்ப விழுந்து அந்தத் தோப்பின் காற்றையே நிறுத்திவிட்டது என்பதால் அதையும் விட்டுவிட்டேன்.

ஜூம் கணக்கைச் சற்று விளக்கமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னுடைய ஒட்டுப்போட்ட கோடுகளுக்கு அன்டூவுக்கு அடுத்த காரணம் அதுதான். கருப்பு வெள்ளைக் கோட்டோவியத்துக்கு 600 டிபிஐ, அதாவது அச்சில் ஓர் அங்குலத்துக்கு 600 பிக்சல்கள் வேண்டும். அப்படியென்றால் ஓர் ஏ4 பக்கம் 4961 பிக்சல் அகலமும் 7016 பிக்சல் உயரமும் ஆகும். என் திரையில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 100 பிக்சல்கள். ஆகவே 100 சதவீத ஜூமில் நான் பார்ப்பது அச்சில் வரப்போவதைவிட 6 மடங்கு பெரிய படம். அந்த அளவில் ஒரு கண்ணிமையை அரை மணி நேரம் செதுக்கினால், அச்சில் அது ஒரு புள்ளி. 16 அல்லது 17 சதவீதத்தில்தான் அச்சு அளவு தெரியும். காகிதக் காலத்தில், 1960களின் இறுதியிலிருந்து, அமெரிக்க காமிக்ஸ் ஓவியர்கள் பெரும்பாலும் அச்சு அளவைவிட ஒன்றரை மடங்கு பெரிய தாளில் வரைந்தார்கள். என் திரையில் 25 சதவீதம் என்பது அதே ஒன்றரை மடங்கு. இப்போது நான் 25 சதவீதத்தில் வரைகிறேன், முகங்களுக்கு மட்டும் 50 வரை போகிறேன், அதற்கு மேல் போவதில்லை. திரைக்குத் திரை இந்தக் கணக்கு மாறும். உங்கள் திரையில் ஓர் அடிக்கோலை வைத்து அளந்து பாருங்கள்.

கோட்டின் தடிமனையும் இப்படியே மில்லிமீட்டரில் யோசிக்க வேண்டும். 600 டிபிஐயில் 1 மில்லிமீட்டர் என்பது 24 பிக்சலுக்குச் சற்றுக் குறைவு. துணியின் உள்மடிப்பு போன்ற மெல்லிய கோட்டுக்கு 5 பிக்சல், உருவத்தின் வெளிக்கோட்டுக்கு 12 முதல் 15 வரை, காமிக்ஸ் கட்டத்தின் சட்டத்துக்கு 18 என்று வைத்திருக்கிறேன். 2 பிக்சல் கோடு திரையில் நளினமாகத் தெரியும். மலிவான தாளில் ஆங்காங்கே அறுந்துபோகும்.

நான் அச்சகத்திலேயே இருந்தும் முதல் முறை தவறியது இங்கேதான். ஒரு சிற்றிதழுக்கு நான்கு பக்கக் கதையை 300 டிபிஐயில், சாம்பல் நிறங்களோடு கூடிய கோப்பாக அனுப்பினேன். இதழ் வந்தபோது எல்லாக் கோடுகளின் ஓரமும் பூச்சி அரித்ததுபோல் இருந்தது. மென்பொருள் கோட்டின் ஓரத்தை வழவழப்பாகக் காட்டுவதற்காகக் கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே சாம்பல் பிக்சல்களை வைக்கிறது. கருப்பு மை மட்டும் ஓடும் ஆஃப்செட் அச்சில் சாம்பல் மை என்று ஒன்று கிடையாது. சாம்பலை எல்லாம் பிளேட்டில் சிறு சிறு புள்ளிகளாகத்தான் உடைத்தாக வேண்டும். அந்தப் புள்ளிகள்தான் என் கோடுகளின் ஓரத்தில் அரிப்பாக வந்தவை. இப்போது முடித்த பக்கத்தின் பிரதி ஒன்றை எடுத்து, எல்லா லேயர்களையும் ஒன்றாக்கி, த்ரெஷோல்ட் வடிகட்டியால் ஒவ்வொரு பிக்சலையும் முழுக் கருப்பாகவோ முழு வெள்ளையாகவோ மாற்றி, 600 அல்லது 1200 டிபிஐயில் ஒரு பிட் பிட்மேப்பாக, டிஃப் வடிவில் கொடுக்கிறேன். வண்ணக் கதையென்றால் கோட்டு லேயர் தனியாக, கருப்பு மை மட்டும் 100 சதவீதமாக, கீழே உள்ள வண்ணத்தின்மேல் ஏறி அச்சாகும்படி இருக்க வேண்டும். நான்கு மைகளையும் கலந்த கருப்பில் கோடு போட்டால், அச்சு இயந்திரத்தில் தாள் இம்மி நகர்ந்தாலும் ஒவ்வொரு கோட்டுக்கும் வண்ண நிழல் தட்டிவிடும். கருப்புப் பரப்பை மென்பொருளின் வாளிக் கருவியால் நிரப்பும்போதும் கோட்டை ஒட்டி ஒரு வெள்ளை இழை தங்கும். நிரப்பும் பரப்பை 2 பிக்சல் விரித்துக்கொண்டால் அது மறையும்.

தமிழ் வசனத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் சொற்கள் நீளமானவை; ‘போய்க்கொண்டிருந்தேன்’ என்ற ஒரு சொல்லுக்கே ஒரு வரி போய்விடும். இங்க்கிங் தொடங்கும் முன்பே வசனத்தைத் தட்டச்சு செய்து வைத்து, வசனம் அடங்கும் பலூனுக்கு எவ்வளவு இடம் போகிறது என்று பார்த்துவிட வேண்டும். நான் இரண்டு நாள் உழைத்து வரைந்த பாடலீசுவரர் கோயில் கோபுரத்தின் பாதி, கடைசியில் ஒரு பலூனுக்கு அடியில் போனது. எழுத்துகளைப் படத்தோடு பிக்சலாக உருக்கிவிடாமல், பக்க வடிவமைப்பு மென்பொருளில் எழுத்தாகவே வைத்தால் சுழிகளும் புள்ளிகளும் கூர்மையாக அச்சாகும்.

ஒரு காமிக்ஸ் கட்டத்தை எந்த வரிசையில் போடுகிறேன் என்பதற்கு, கடலூர் முதுநகர் துறைமுகத்தை வைத்து வரைந்த கதையிலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். இரவு, மழை நின்றிருக்கிறது, உப்பனாற்றின் கரையில் ஒரு ஃபைபர் படகு, அதன் ஓரத்தில் வலையைப் பிரித்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், கம்பத்தில் ஒற்றை விளக்கு. பென்சில் லேயரை வெளிர் நீலமாக்கி, அடர்த்தியை 20 சதவீதத்துக்குக் குறைத்துவிட்டு, முதலில் கோடு எதுவும் போடாமல் கருப்புகளைத்தான் தீர்மானித்தேன். பக்கம் தபால்தலை அளவுக்குச் சுருங்கும்வரை ஜூமைக் குறைத்து, தடித்த தூரிகையால் வானம், படகின் அடிவயிறு, மனிதரின் முதுகு மூன்றையும் அப்பினேன். அந்த அளவில் மனிதர் தெரிகிறாரா என்று பார்த்தேன். தெரியவில்லை, முதுகின் கருப்பு வானத்தின் கருப்போடு கலந்துவிட்டது. விளக்கை அவருக்குப் பின்பக்கம் நகர்த்தி, தோளைச் சுற்றி வெள்ளையாக ஓர் இடைவெளி விட்டதும் அவர் தனியே எழுந்து வந்தார். இதைக் கோடுகள் எல்லாம் போட்ட பிறகு கண்டுபிடித்திருந்தால் ஒரு நாள் உழைப்பு வீணாகியிருக்கும்.

அதன்பின் படகின் ஓரத்தை ஒரே வீச்சில் போட்டேன். நமக்கு அருகில் இருக்கும் மூக்குப் பகுதி தடித்து, பின்பக்கம் போகப் போக மெலிந்தது. வலையில் எல்லாக் கண்ணிகளையும் வரையவில்லை. வலை மடிந்து கனக்கும் மடிப்புகளைத் தடித்த கோட்டில் போட்டு, விளக்கொளி படும் இரண்டு இடங்களில் மட்டும் கண்ணிகளைக் காட்டினேன். மற்றவற்றைப் படிப்பவர் கண்ணே நிரப்பிக்கொள்கிறது. வெளிச்சம் வரும் பக்கம் மெல்லிய கோடு, நிழல் பக்கம் தடித்த கோடு. விரலும் கயிறும் சந்திக்கும் முனையில் ஒரு பொட்டு அதிகம் மை. ஈரத் தரையில் விளக்கின் பிரதிபலிப்பைக் கடைசியில், கருப்பின்மேல் வெள்ளைக் கோடுகளாக இழுத்தேன். காகிதத்தில் வெள்ளை போஸ்டர் கலரால் செய்ததை இங்கே தனி லேயரில் செய்வது மட்டுமே வேறுபாடு.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, வெள்ளத்தில் இழந்தவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை என்றாலும், கோப்பும் அழியக்கூடியது என்பதை 2018இல் ஒரு வன்தட்டு நின்றுபோனபோதுதான் உணர்ந்தேன். இப்போது கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, நெய்வேலியில் அக்கா வீட்டில் ஒன்று என மூன்று பிரதிகள் இருக்கின்றன. 2024 ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது மின்சாரம் இல்லாத வீட்டில் உட்கார்ந்திருந்தேன், ஆனால் பக்கங்களைப் பற்றிக் கவலைப்படவில்லை. அதே பெயரில் சேமிக்காமல், ஒவ்வொரு நாள் முடிவிலும் எண்ணை ஏற்றி ஒரு புதிய பிரதியாகச் சேமிப்பதும் வழக்கமாகிவிட்டது.

சென்ற ஆண்டு, வெள்ளத்தில் நனைந்த பக்கங்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, அவற்றை அடியில் வைத்து மறுபடி வரையத் தொடங்கினேன். ஏழாம் பக்கத்தில், வெள்ளை கரைந்து வழுக்கிய ஓரம் வெளிப்பட்டிருந்த அந்தப் படகும் வந்தது. அதன் ஓரத்தை ஒன்பதாவது முயற்சியில் போட்டு முடித்தேன். முந்தைய எட்டும் சிவப்பு லேயரில் இருந்தன. அந்த எட்டுச் சிவப்புக் கோடுகளோடும் ஒரு பிரதியை அச்செடுத்து, புதுச்சேரிக்குக் கொண்டுபோய் மாஸ்டரிடம் கொடுத்தேன். அவருக்கு இப்போது கண் சற்று மங்கிவிட்டது. தாளை முகத்துக்கு அருகில் பிடித்து, கோடு கோடாகப் பார்த்தார். பென்சிலின் பின்பக்கத்தால் ஆறாவது சிவப்புக் கோட்டைத் தொட்டு, “இது நல்லாத்தானே போகுது, இதை ஏன் விட்டுட்டே?” என்றார்.

அது பின்பக்கத்தில் என் பென்சில் கோட்டைவிட்டு அரை மில்லிமீட்டர் விலகியிருந்தது, அதனால்தான் தள்ளியிருந்தேன். வீட்டுக்கு வந்து அந்த லேயரை மட்டும் திறந்து 25 சதவீதத்தில் பார்த்தேன். மூக்கிலிருந்து கடைசிவரை கை எங்கும் நிற்காமல் போயிருந்தது. ஆறாவதைக் கருப்பாக்கி, ஒன்பதாவதைச் சிவப்பு லேயருக்கு மாற்றிவிட்டுப் பக்கத்தைச் சேமித்தேன்.